வரலாறு படிக்கப் போகிறவளிடம் நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

"என் மகள் ஏற்காட்டில் பிளஸ் டூ படிக்கிறாள். வரலாறு படிக்க இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும், இங்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். இரண்டிலும் நேர்காணல் உண்டு என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் வருகிற வருஷங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். இது போதுமா? கோச்சிங் எங்காவது சேர்க்க வேண்டுமா? எங்கள் வீட்டில் யாரும் இங்கிலீஷ் பேசுவதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் அம்மா.

முதலில் அந்த நோட்டை ஒரு வாரத்துக்கு மூடி வைக்கச் சொல்லுங்கள். வருஷங்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1757-க்கும் 1857-க்கும் இடையே என்ன நடந்தது என்று தெரியாமல் வரலாறு பேச முடியாது. ஆனால் எதிரில் உட்காரப் போகிறவர்கள் அவளுக்கு எத்தனை விஷயம் தெரியும் என்று எண்ணப் போவதில்லை. அவளுடைய மதிப்பெண்கள் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கின்றன. முன்பின் பார்த்திராத ஒரு சான்றைக் கொடுத்தால் அதை எப்படிப் படிக்கிறாள், அதிலிருந்து எவ்வளவு தூரம் போகிறாள், எந்த இடத்தில் "இதற்கு மேல் இது சொல்லாது" என்று நிற்கிறாள், மறுத்துப் பேசினால் என்ன செய்கிறாள் என்பதைத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பழக வேண்டிய பொருள் முழுக்க உங்கள் மலையிலும் கீழே சேலத்திலும் கிடக்கிறது.

நான் சேலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு, இப்படி நேர்காணலுக்குப் போகிற பிள்ளைகள் வந்தால் வீட்டில் உட்கார வைத்துப் பேசிப் பழக்குகிறேன். நான் சொல்வதெல்லாம் அந்த அனுபவத்திலிருந்து வருவது.

எங்கே நேர்காணல் உண்டு, எங்கே இல்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் அரசு கலைக் கல்லூரிகளில் பி.ஏ. வரலாற்றுக்கு நேர்காணல் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வுதான். டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைக்கு 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு. அசோகா, அசிம் பிரேம்ஜி போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் நேர்காணல் வைக்கின்றன. இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களில் வரலாற்றுக்கு நேர்காணல் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் வைக்கும். ஒரே ஆண்டில் இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது, ஆகையால் உங்கள் மகள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பாள். அக்டோபர் 15-க்குள் விண்ணப்பம், டிசம்பரில் நேர்காணல், ஜனவரியில் முடிவு. அந்த இரண்டு இடங்களிலும் ஓர் ஆசிரியரும் ஓரிரு மாணவர்களும் வாராவாரம் உட்கார்ந்து, மாணவர் எழுதிவந்த கட்டுரையை வைத்து வாதாடுவதுதான் பாடம் நடத்தும் முறை. நேர்காணல் அதன் ஒரு மாதிரி. இந்தப் பிள்ளையோடு மூன்று வருஷம் இப்படி உட்கார்ந்து பேச முடியுமா என்பதுதான் அவர்கள் மனதில் ஓடும் கேள்வி.

நம் பிள்ளைகளுக்கு இதில் கஷ்டம் எங்கே வருகிறது என்றால், நாம் பழக்கிய பழக்கத்தில். "காரணங்கள் யாவை, விளைவுகள் யாவை" என்று கேட்டால் ஏழு காரணம் எழுது, தலைப்பு போடு, அடிக்கோடு போடு. ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு மதிப்பெண். ஏழில் எது பெரிய காரணம், எது இல்லாவிட்டாலும் அது நடந்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அப்புறம், சொன்ன பதிலை நடுவில் மாற்றிக்கொண்டால் "முதலில் தப்பாகச் சொன்னாய்" என்று எடுத்துக்கொள்வோம். நேர்காணலில் இது தலைகீழ். புதிதாக ஒன்றைப் பார்த்தபின் "நான் முன்னே சொன்னதை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது" என்று காரணத்தோடு சொல்கிற பிள்ளைதான் அவர்களுக்கு வேண்டும்.

எப்படிப் பழகுவது என்று ஒரு உதாரணம் காட்டுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு பையன் வந்தான். தறி ஓட்டுகிற குடும்பம். தினசரி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் இரண்டே வரி எழுதி அவன் முன்னால் வைத்தேன்.

சேலம் மாவட்டம், மக்கள் தொகை. 1871: 19,66,995. 1881: 15,99,595.

"இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது, சொல்" என்றேன்.

கணக்குப் போட்டான். பத்து வருஷத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. உடனே சொன்னான்: "தாது வருஷப் பஞ்சம் சார். 1876-லிருந்து 78 வரை. எல்லாரும் செத்துப் போயிட்டாங்க."

"எல்லாருமா?"

அங்கே நின்றான். அந்த நிற்றல்தான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு நிமிடம் கழித்து, "ஊரை விட்டுப் போனவங்களும் இருப்பாங்க" என்றான். எங்கே போயிருப்பார்கள்? "ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்கு" என்றான். சொல்லி முடித்ததும் அவனே தலையை ஆட்டினான். "இல்ல சார், ஏற்காடும் சேலம் மாவட்டத்துக்குள்ளதானே. அங்க போனவங்க இந்தக் கணக்கிலேயே இருப்பாங்க. வெளியே போனவங்கதான் குறைவாங்க." அப்புறம் இலங்கைக்கு வந்தான். அந்தக் காலத்தில் இலங்கை மலைகளில் காபிதான் முக்கியம், தேயிலை பெருகியது பின்னால்தான். சேலம், திருச்சிப் பக்கத்திலிருந்து ஜனங்கள் அங்கே போனது பழைய கதை. தன் பதிலைத் தானே உரைத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டான் பாருங்கள், அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்த நேர்காணல்களே நடக்கின்றன என்று சொல்வேன்.

நான் விடவில்லை. "செத்தவர்கள், போனவர்கள், வேறு யாராவது குறைவார்களா?" ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். கடைசியில் "பிறக்காதவங்க" என்றான். பஞ்ச காலத்தில் பிறப்பும் விழுந்துவிடும். அந்தக் குழந்தைகள் எந்தச் சாவுப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள், இந்தக் கழித்தல் கணக்கில் மட்டும் இருப்பார்கள்.

அடுத்து அந்த எண்களையே சந்தேகப்படச் சொன்னேன். 1871-இல் எடுத்ததுதான் சென்னை மாகாணத்தில் முறையாக எடுத்த முதல் பெரிய கணக்கெடுப்பு. மலை ஊர்களுக்கெல்லாம் ஆள் போய் எண்ணியிருப்பார்களா? அப்போது விட்டுப்போனவர்கள் அதிகம் என்றால், உண்மையான இழப்பு இந்தக் கழித்தலைவிடப் பெரியதாக இருக்கும். மேலும் 1871-க்கும் 1876-க்கும் நடுவே ஐந்து வருஷம் ஜனத்தொகை கூடிக்கொண்டுதானே போயிருக்கும்? அப்படியானால் பஞ்சம் தொடங்கிய நாளில் இருந்தவர்கள் 19,66,995-ஐ விட அதிகம். இழப்பு இன்னும் பெரிது. "சேலம் மாவட்டம்" என்பதே இன்றைக்கு நாம் சொல்லும் சேலம் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், நாமக்கல், திருப்பத்தூர் எல்லாம் அதற்குள் இருந்தன. இரண்டு எண்ணை ஒப்பிடுகிறவர் இரண்டு வருஷத்திலும் எல்லை ஒன்றுதானா என்று முதலில் கேட்க வேண்டும். காலண்டர் தாளில் இரண்டு வரிதான், அதை வைத்து அரை மணி நேரம் போய்விட்டது.

அதன் பிறகு ஒரு கல்லைப் போட்டேன்: "மழை பெய்யவில்லை. அதற்கு அரசாங்கம் என்ன செய்யும்?" நேர்காணலில் இப்படி வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் நின்று கேட்பார்கள். அவன் தப்பாகச் சொல்லிவிட்டான் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இதை உங்கள் மகளுக்கு நன்றாகப் புரிய வையுங்கள். மறுப்பு வந்தால் மிரண்டுபோய் "ஆமாம், நீங்கள் சொல்வதுதான் சரி" என்று உடனே சாய்வதும் வேண்டாம், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பதும் வேண்டாம். பையன் என்ன செய்தான் என்றால், ரயிலைப் பிடித்துக்கொண்டான். 1860-களிலேயே சேலம் வழியாக ரயில் ஓடியது. தானியம் கொண்டுவர வழி இருந்தது. அப்படியிருந்தும் ஏன் செத்தார்கள்? இந்த இடத்தில் அவனுக்குத் தன் வீடு கைகொடுத்தது. "அரிசி விலை ஏறினா ஜனங்க முதல்ல நிறுத்தறது துணி வாங்கறதைத்தான் சார். நெசவாளிக்குத் தானியம் கண்ணெதிரே கடையில் இருந்தாலும் வாங்கக் கையில் காசு இருக்காது" என்றான். தானியம் இல்லாமல் சாவதும், வாங்க வழியில்லாமல் சாவதும் வேறு வேறு என்பது பஞ்சங்களைப் பற்றி அறிஞர்கள் பெரிதாக விவாதித்த விஷயம். பையனுக்கு அது புத்தகத்திலிருந்து வரவில்லை, அப்பாவின் தறியிலிருந்து வந்தது.

அப்போதுதான் அவனுக்கு நான் ஒரு தகவல் சொன்னேன். 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலைக்கு வருகிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. வேலை செய்கிறவன் உயிர் தாங்க இது போதாது என்று எதிர்த்தவர் சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ். 1871 கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவரும் இதே கார்னிஷ்தான். முதல் எண்ணை எழுதிய கைதான் பின்னால் அந்தக் கூலியை எதிர்த்தும் எழுதியது. "அரசாங்கம்" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே, அதற்குள்ளேயே இரண்டு குரல் இருந்தது என்று பையனுக்கு அன்றைக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவன் "பிரிட்டிஷார் செய்தார்கள்" என்று சொல்வதை விட்டுவிட்டு, யார், எந்தப் பதவியில் இருந்தவர் என்று கேட்க ஆரம்பித்தான்.

தாது வருஷத்தைப் பற்றிக் கும்மிப் பாட்டுகளும் அச்சாகியிருக்கின்றன. எண்ணும் பாட்டும் ஒரே பஞ்சத்தைப் பற்றியவை. எண் எத்தனை பேர் என்று சொல்லும். பாட்டு எதைத் தின்றார்கள், எதை விற்றார்கள், யார் மேல் கோபம் என்று சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒன்று சொல்கிற எதை மற்றது சொல்லாது என்று உங்கள் மகளை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். இங்கிலீஷில்கூட வேண்டாம், முதலில் தமிழில் எழுதட்டும்.

உங்கள் மலையைப் பற்றியே ஒன்று. போன வருஷம் ஏற்காட்டுப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். "உங்க ஊர் வரலாறு சொல்லு கண்ணு" என்றால், "1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டை உருவாக்கினார், காபி பயிரிட்டார், அவரை ஏற்காட்டின் தந்தை என்பார்கள்" என்று கடகடவென்று ஒப்பித்தாள். சரி, காக்பர்ன் வந்ததும் காபி வந்ததும் நடந்ததுதான். "உன் பாட்டி மே மாதம் எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போவாங்க?" என்று கேட்டேன். சேர்வராயன் கோயில். "அந்தக் கோயில் காக்பர்ன் கட்டியதா?" சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பு நின்று யோசிக்க ஆரம்பித்தாள்.

அந்த மலையில் மலையாளி மக்கள் இருக்கிறார்கள். கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்கிற கதை. இதை நேர்காணலில் சொன்னால் "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்பார்கள். அங்கே "ஆதாரம் இல்லை, வெறும் கதை" என்று கைவிட்டுவிட வேண்டாம். "பாட்டி சொன்னால் உண்மைதான்" என்றும் நிற்க வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து எந்த வருஷம் கிளம்பினார்கள் என்று அந்தக் கதை சொல்லாது. ஆனால் சேர்வராயன் மலைக்காரர்களும் கொல்லிமலை, பச்சைமலைக்காரர்களும் தங்களை ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக நினைக்கிறார்கள் என்று சொல்லும். கீழே சமவெளியோடு தங்களுக்கு என்ன உறவு என்று நினைக்கிறார்கள் என்பதையும் சொல்லும். ஒரு சான்று எந்தக் கேள்விக்குப் பதில் தரும், எந்தக் கேள்விக்குத் தராது என்று பிரித்துப் பார்க்கிற பிள்ளையை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அந்தப் பெண் அன்று போகும்போது கேட்ட கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "கலெக்டர் எழுதினது ஆவணம், பாட்டி சொல்றது கதைன்னு யார் சார் பிரிச்சது?" நேர்காணலில் கேட்கத் தகுந்த கேள்வி அது.

இன்னொரு பயிற்சி, நடுகல். நம் சேலம், தருமபுரிப் பக்கம் நடுகற்களுக்குப் பஞ்சமே இல்லை. பழைய நடுகல்லில் அரசன் பெயரும் அவன் ஆட்சியாண்டும் முதலில் வரும். அப்புறம் வீரனின் பெயர், அவன் ஆநிரையை மீட்டு மாண்டான் என்பதை "தொறு மீட்டுப் பட்டான்" என்கிற மாதிரி ஒரு சொற்றொடர். தொறு என்றால் மாட்டுக்கூட்டம். கல்லில் வில்லோ வாளோ ஏந்திய உருவம், சிலதில் உடம்பில் தைத்த அம்பு. உங்கள் மகளை ஒரு நடுகல் முன்னால் பத்து நிமிடம் பேசாமல் நிற்க வையுங்கள். பிறகு கேட்கட்டும்: மாடு யாருடையது? கல் வெட்டக் கூலி யார் கொடுத்தார்கள்? சண்டையில் இவன் ஒருவன்தான் செத்தானா, இவனுக்கு மட்டும் ஏன் கல்? எங்கோ இருந்த அரசனின் பெயர் இந்தக் கிராமத்துக் கல்லில் ஏன் முதலில் வருகிறது? கல்லை இன்றைக்குக் கும்பிடுகிறவர்களுக்கு அது யார்? நேர்காணலில் ஒரு படத்தையோ பத்து வரிப் பகுதியையோ கொடுத்துக் கொஞ்ச நேரம் படிக்க விட்டுப் பேசச் சொல்வது உண்டு. இப்படிப் பழகினவளுக்கு அது புதிதாக இருக்காது.

கேள்வியில் உள்ள சொல்லையே திருப்பிக் கேட்பதும் ஒரு பழக்கம்தான். "ரயத்துவாரி முறை குடியானவர்களுக்கு நல்லதாக இருந்ததா?" என்று வைத்துக்கொள்ளுங்கள். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனிக்கு வந்தன. கேப்டன் ரீடும் அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் இந்த வட்டாரத்தில்தான் ஒவ்வொரு குடியானவரோடும் நேராகத் தீர்வை பேசும் முறையைச் செய்து பார்த்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் அதே நிலத்தை மிட்டாக்களாக, அதாவது சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். "மிட்டாதார் வீடு" என்று நம் பக்கம் பெரியவர்கள் இன்றும் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. ஒரே மாவட்டத்தில் இரண்டு முறையும் அடுத்தடுத்து நடந்திருப்பதால் ஒப்பிட்டுப் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பதிலுக்கு முன் அவள் கேட்க வேண்டியது: எந்தக் குடியானவர், பட்டா வைத்திருந்தவரா, அவரிடம் கூலிக்கு உழைத்தவரா? நல்லது என்றால் எதோடு ஒப்பிட்டு? எந்தப் பத்து வருஷத்தில்? இப்படிக் கேட்பதை நழுவுவதாக யாரும் நினைக்க மாட்டார்கள், பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சேலத்தைப் பற்றிப் பேச இன்னும் எத்தனையோ இருக்கிறது. 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி ஆட்சியில் மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார்கள். 1944-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இங்கே நடந்த மாநாட்டில். 1950 பிப்ரவரி 11-இல் சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லாவற்றையும் அவள் படிக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒன்றில் மனது போனால் அதில் மட்டும் ஆழமாகப் போகட்டும். 1883-இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கையேடு, 1918-இல் வந்த சேலம் கெசட்டியர் இரண்டும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. எழுதியவர்கள் பிரிட்டிஷ் அரசின் அதிகாரிகள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஒரு ஊரின் பக்கத்தை எடுத்து, "இதை எழுதியவர் யாரிடம் கேட்டு எழுதியிருப்பார், யாரிடம் கேட்கவே இல்லை?" என்று ஓரத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் செய்ய வேண்டும். விண்ணப்பத்தில் அவள் என்ன எழுதினாளோ அதையும், மாதிரிக்கு அனுப்பிய கட்டுரை இருந்தால் அதையும் வரிக்கு வரி திரும்பப் படிக்க வேண்டும். இங்கிலாந்து விண்ணப்பத்தில் 2026 சேர்க்கையிலிருந்து சொந்த அறிக்கையை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: இந்தப் படிப்பு ஏன், உன் படிப்பு இதற்கு எப்படித் தயார் செய்தது, வெளியில் வேறென்ன செய்தாய். மூன்றும் சேர்த்து 4,000 எழுத்துக் குறிகளுக்குள். அதில் ஒரு புத்தகத்தின் பெயரைக் குறிப்பிட்டிருந்தால் அதைப் பற்றிக் கேட்பார்கள். பாதி படித்த புத்தகம் என்றால் இப்போதே முழுசாகப் படித்து முடிக்கட்டும். தன் கட்டுரையை எதிர்த்து அவளே ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும்: "இதை எழுதியவள் எதைப் பார்க்கத் தவறினாள்?" இதைச் செய்துவிட்டுப் போகிற பிள்ளையின் குரலில் ஒரு நிதானம் இருக்கும்.

இங்கிலீஷ் பயம் பற்றிக் கேட்டீர்கள். நாக்கு புரளுவதற்கு மதிப்பெண் போட மாட்டார்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினால் போதும். ஆனால் யோசிப்பதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அதுதான் நம் பிள்ளைகளுக்கு வராதது. மனதுக்குள் முழு விடையையும் தயார் செய்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அதுவரை எதிரில் இருப்பவருக்கு மௌனம் மட்டும்தான் தெரியும். "ஒரு நிமிடம் யோசித்துக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். "கேள்வி புரியவில்லை, வேறு மாதிரி கேட்க முடியுமா" என்றும் சொல்லலாம். "இது எனக்குத் தெரியாது, ஆனால் தெரிந்த இன்னொன்றை வைத்துப் பார்த்தால்" என்று ஆரம்பித்தால் இன்னும் நல்லது. வீட்டில் தினமும் இருபது நிமிடம் தமிழிலேயே பேசிப் பழகட்டும். நீங்களே கேட்கலாம் அம்மா, உங்களுக்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. "எப்படிச் சொல்றே?", "வேற யாராவது வேற மாதிரி சொல்வாங்களா?" இந்த இரண்டு கேள்வி போதும். மூன்றாவது வாரம் அதே விஷயத்தை இங்கிலீஷில் பேசட்டும். தாது வருஷம், மிட்டா போன்ற நம் சொற்களை விட்டுவிட வேண்டாம். சொல்லிவிட்டு ஒரே வாக்கியத்தில் என்னவென்று விளக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

கோச்சிங் வேண்டாம் என்பது என் முடிவான அபிப்பிராயம். ஒரு பயிற்சி மையத்தில் நூறு கேள்வியும் நூறு பதிலும் அச்சடித்துக் கொடுத்ததை ஒரு பிள்ளை என்னிடம் கொண்டுவந்து காட்டியது. "வரலாறு ஏன் படிக்க விரும்புகிறாய்?" என்பதற்கே நான்கு வரிப் பதில் இருந்தது, எல்லாருக்கும் ஒரே பதில். அந்தப் பிள்ளையிடம் நான் நடுகல்லைப் பற்றிக் கேட்டபோது, நூறில் எந்தப் பதிலை இதற்குப் பொருத்தலாம் என்று தேடிக்கொண்டிருந்தது. அதை மறக்கடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல இயர்போனும், கரண்ட் போனால் தாங்குகிற இன்வெர்ட்டரும் வாங்குங்கள்.

இங்கிலாந்து நேர்காணலை நம் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகத்தான் நடத்துகிறார்கள். டிசம்பரில் அங்கே நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கே காலை ஒன்பதரை என்றால் இங்கே மதியம் மூன்று, அங்கே இரண்டு மணி என்றால் இங்கே இரவு ஏழரை. நேரத்தைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க, வந்த கடிதத்தில் உள்ள நேரத்தை நம் நேரமாக மாற்றிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். டிசம்பரில் உங்கள் மலையில் பனியும் மழையும் சேர்ந்தால் கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கீழே சேலத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முந்தின நாளே இறங்கி வந்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, தலை சுற்றலோடு வந்து கேமரா முன்னால் உட்கார வேண்டாம். வீட்டில் இருக்கிற குக்கர் விசில், டிவி, விருந்தாளி எல்லாவற்றையும் அந்த ஒரு மணி நேரத்துக்கு அடக்கி வையுங்கள். சுத்தமான சாதாரண உடுப்பு போதும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில், ஒரு டம்ளர் தண்ணீர்.

இங்கே தனியார் பல்கலைக்கழக நேர்காணல் கொஞ்சம் விரிந்து போகும். பாடத்தோடு, ஏன் இந்த இடம், சமீபத்தில் என்ன படித்தாய், ஊரில் உன்னைப் பாதித்தது என்ன என்றும் கேட்பார்கள். மேலே சொன்ன பழக்கம் வந்துவிட்டால் அதற்கென்று தனியாகத் தயாராக வேண்டியதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கலாம். அந்த இரண்டு வரியை, 1871-க்கும் 1881-க்கும் உள்ள எண்களை, நான் எழுதியபடியே ஒரு தாளில் எழுதி அவள் முன்னால் வையுங்கள். என் வீட்டில் அந்தப் பையன் சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். முதல் பத்து நிமிடம் நீங்களும் ஒன்றும் பேச வேண்டாம். அவள் எங்கே போய் நிற்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த தாளில் எதை வைப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.